பாட இயந்திரத்துக்குப் பாராட்டு

நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் பாடம் நடத்தி, பெண்கள் சிறையில் ஒன்பது பேரைப் பத்தாம் வகுப்பில் தேற வைத்ததற்காகப் பாட இயந்திரத்தை விடுதலைக் குழு பாராட்டியது.

அடுத்தது ஆயுள் கைதி லூர்துமேரியின் விடுதலை மனு. 'சமூகப் பயன்: பூஜ்யம்' என்று குழுவின் கணினி கணித்திருந்தது.

"தள்ளுபடிதான். நீயும் கையெழுத்துப் போடும்மா," என்றார் கண்காணிப்பாளர்.

சிறை வகுப்புகளை ஒருங்கிணைக்கும் நான் அந்தக் குழுவில் வாய் திறந்ததே இல்லை. கைதிகளுக்கு மனிதர் யாரும் பாடம் நடத்தக் கூடாது என்பது விதி. மீற விட்டால் என் வேலை போகும்.

"போட மாட்டேன் சார்."

"ஏன், கம்ப்யூட்டரைவிட உனக்கு அதிகம் தெரியுமோ?"

"தெரியும் சார். அந்தப் பாட மெஷின் வந்த அன்னைக்கே கெட்டுப்போச்சு. நான் சும்மா ஆன் பண்ணி வெச்சேன். ஒன்பது பேருக்கும் பாடம் நடத்தினது லூர்துமேரி."