காற்றில் நின்ற யானை

அவள் திரையைப் பார்க்கவில்லை.

முன் பெஞ்சில் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொட்டகையில் இருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, படத்தப் பாக்காம எங்க மூஞ்சியவே பாத்துக்கினு கீறே?" என்றாள் எதிரே முறுக்கு கடித்துக்கொண்டிருந்த ஒருத்தி.

பெரிய படம் இன்னும் தொடங்கவில்லை. அதற்கு முன்னால் போடும் கார்ட்டூன்தான் ஓடிக்கொண்டிருந்தது. யானை அவளுடையது. காகமும் அவளுடையது. ஒவ்வொரு அசைவையும் அவளே வரைந்து, கண்ணாடித்தாளில் வண்ணம் தீட்டி, கண்ணே பூத்துப்போயிருந்தது.

இன்று ஜனங்கள் சிரிக்காவிட்டால் கார்ட்டூன் பிரிவுக்குப் பூட்டு. ஸ்டுடியோ முதலாளி செங்கல்வராயன் சொல்லிவிட்டார். பின்சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

இதுவரை ஒருவரும் சிரிக்கவில்லை.

யானையின் வெல்லக்கட்டியைக் காகம் திருடியபோது சிரிக்கவில்லை. யானை துரத்திக்கொண்டு மாடிப்படி ஏறியபோது யாரோ கொட்டாவி விட்டார்கள். பாவிகள்!



இன்னும் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. பின்னணி இசையை வைத்தே அவளுக்குத் தெரியும். காகம் பறந்துவிட்டது. யானை மொட்டைமாடியைத் தாண்டி நடந்துவிட்டது. காற்றில் நிற்கிறது.

நிற்கிறது.

நின்றுகொண்டே இருக்கிறது.

இசையும் நின்றுபோனது. திரையில் அசையாத ஒரே படம்.

இதைத்தான் வெட்டச் சொன்னார் முதலாளி. மிஷின் சிக்கிக்கொண்டது என்று ஜனங்கள் கத்துவார்கள் என்றார். கத்தட்டுமே என்று அவள் விட்டுவைத்தாள்.

கத்தினார்கள்.

"டேய் ஆபரேட்டர்! தூங்கிட்டியாடா?"

விசில் பறந்தது. பாதிக் கொட்டகை திரும்பி, ஆபரேட்டர் அறையின் ஓட்டையைப் பார்த்துத் திட்டித் தீர்த்தது.

இப்போது யானை மெல்லக் கண்ணை உயர்த்தும். அதுவும் அதே ஓட்டையைப் பார்க்கும். துதிக்கையை ஆட்டி ஆட்டித் திட்டும். அப்புறம்தான் கீழே குனிந்து பார்க்கும்.

முறுக்குக்காரியின் வாய் பாதியில் நின்றது.

பிறகு முறுக்கு தெறித்தது.

யானை விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை. கொட்டகை அப்படிச் சிரித்தது. திட்டியவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு எழுந்து நின்று ஆட வேண்டும்போல் இருந்தது.

பெரிய படம் தொடங்கியது. கொட்டை எழுத்தில் கதாநாயகனின் பெயர்.

"ஒன்ஸ்மோர்!"

யார் தொடங்கியதோ தெரியாது. கொட்டகையே பிடித்துக்கொண்டது. "யானையப் போடு! யானையப் போடு!"

கதாநாயகனின் பெயர் பாதியில் அணைந்தது. விளக்கு எரிந்தது. ஆபரேட்டர் கார்ட்டூன் சுருளைத் திரும்பச் சுற்றும்வரை ஒருவரும் அவரைத் திட்டவில்லை.

முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்தபடி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அடுத்தது என்ன மிருகம்மா?"

விளக்கு அணைந்தது.

அவள் திரையின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவளுக்குப் படம் பார்க்க வேண்டியிருந்தது.