முப்பது வருஷத்துச் சீசா

உலாந்தாக்காரர், அதாவது டச்சு வியாபாரி, யாகோப்புக்கு நடந்தது பச்சை அநியாயம். அசல் ஒயினை விற்றுவிட்டு, பழவேற்காட்டுக் கோட்டையில் நாலு பேர் நடுவே ‘ஏமாற்றுக்காரன்’ என்று பெயர் வாங்கினார். அந்தப் பெயரை வைத்தவர் வேறு யாருமில்லை, அவருடைய சிநேகிதரான கோட்டை வைத்தியர்!

வைத்தியருக்கு அன்று அறுபது வயது நிறைந்தது.

ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்துப் படகுக்காரன் மாரியின் மகளை விஷக்காய்ச்சலிலிருந்து பிழைக்க வைத்தவர் அவர். வெறும் கும்பிடு போட்டால் போதுமா? தை மாசம் முழுக்கச் சேர்த்த மடவைக் கருவாட்டை யாகோப்பின் கிடங்கில் இறக்கினான் மாரி. பதிலுக்கு, வைத்தியர் இந்தக் கரையில் கால் வைத்த வருஷத்து ஒயின் ஒரு சீசா வாங்கி வந்தான்.

அவன் மனைவி இருசம்மாள் தக்கையைப் பிடுங்கி முகர்ந்தாள்.

“இன்னாய்யா இது?”

“ஒயினு. முப்பது வருஷத்துச் சரக்கு.”

“முப்பது வருஷமா! காலையில எறக்குன கள்ளே பொழுது சாஞ்சா புளிச்சுப் பூடுது.”

“அது வேற, இது வேற. பழசானாத்தான் ருசியாம்.”

“யாரு சொன்னது?”

“வித்தவரு.”

“வித்தவன் வேற இன்னா சொல்லுவான்?”

மாரி படகைத் தள்ளப் போனான். ‘பொண்ணு உசுரைக் குடுத்த மனுசனுக்கு ஊசிப்போனதையா குடுக்கறது?’ என்று நினைத்த இருசம்மாள் சீசாவை ஏரியில் கவிழ்த்தாள். அப்போதுதான் இறக்கிய பனங்கள்ளை ஊற்றினாள். தக்கையை இறுக்கி அடித்தாள்.

உச்சி வெயிலில் ஏரியைக் கடந்தார்கள்.

விருந்து மேசையில் சீசாவை வைத்ததுதான் தாமதம். ‘டப்!’ தக்கை கூரைக்குப் போனது. நுரை யாகோப்பின் பொய்முடிக்குப் போனது.

“முப்பது வருஷம் தூங்கினது இப்படித் துள்ளாது!” என்று கத்தினார் யாகோப். முகர்ந்து பார்த்தார். “கள்ளு!”

மாரி திரும்பி மனைவியைப் பார்த்தான்.

“நாந்தான் தொரை,” என்றாள் இருசம்மாள் வாசலிலிருந்து. “அது ஊசிப்போச்சுன்னு ஏரியில கொட்டிட்டேன்.”

துரைமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாரியின் முகம் கறுத்தது.

“கருவாடும் போச்சு, மானமும் போச்சு. வூட்டுக்கு வாடி, பேசிக்கறேன்.”

வைத்தியர் மட்டும் சிரிக்கவில்லை. “இருசம்மா, நீ கொட்டினது எப்படி வாசம் அடிச்சுது?”

“புளிப்பா இருந்துச்சு தொரை.”

வைத்தியர் மேசையை ஓங்கித் தட்டினார். “யாகோப்! புளிச்ச காடியையா இவன் தலையில் கட்டினாய்? நல்லவேளை, இவள் மூக்கு என்னைக் காப்பாற்றியது. ஏமாற்றுக்காரா, கருவாட்டைத் திருப்பிக் கொடு!”

சிரிப்பு அப்படியே யாகோப் பக்கம் திரும்பியது. வைத்தியர் இரண்டு குவளை கள்ளை ரசித்துக் குடித்தார்.

கருவாட்டு மூட்டைகள் படகுக்குத் திரும்பி வந்தன.

“நான் அப்பவே சொல்லல?” என்றாள் இருசம்மாள்.

“சொன்னே, சொன்னே. பாத்து ஏறு,” என்று கை கொடுத்தான் மாரி. அவள் அதுவரை அடக்கியிருந்த மூச்சை விட்டாள்.

கோட்டையில் எல்லோரும் கலைந்த பிறகு, யாகோப் பொய்முடியைப் பிழிந்துகொண்டே வைத்தியரிடம் வந்தார்.

“அதே பெட்டியிலிருந்து நேற்று நீங்களும் ஒரு சீசா குடித்தீர்களே! தேன் மாதிரி இருக்கிறது என்றீர்களே! தெரிந்தே பொய் சொல்லி என் பெயரைக் கெடுத்தீர்களே, இது நியாயமா?”

“நியாயமில்லைதான்,” என்றார் வைத்தியர். “முப்பது வருஷமாக என் மருந்துச் சாராயத்தில் தண்ணீர் கலந்து கொடுக்கிறாய். ஒரு நாளாவது நான் வாயைத் திறந்தேனா? கலக்காத ஒரே ஒரு சீசாவுக்காக, இன்றைக்கு ஒரு நாள் ஏச்சு வாங்கிக்கொள்!”