அண்ணியின் வெளிநாட்டு ஊழியம்

கையிலிருந்த பையைக் கீழே வைப்பதற்குள் சின்னு ஆரம்பித்துவிட்டாள்.

"மாமியார் படுத்த படுக்கையா கிடக்கிறாங்க. மருமக கடல் தாண்டி ஊழியத்துக்குப் போறாங்க. கேட்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா அண்ணி?"

அண்ணி தரையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பஞ்சு, கட்டுத் துணி, களிம்பு, கையுறை. அதற்கெல்லாம் போக மிஞ்சிய மூலையில் தனக்கு மாற்றுத் துணி. தடுப்பூசி போட்ட கை வீங்கியிருந்ததால், ஒற்றைக் கையாலேயே எல்லாவற்றையும் அமுக்கினாள்.

அண்ணி நர்ஸ். பகலெல்லாம் ஆஸ்பத்திரி, வீடு திரும்பினால் மாமியார். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள்தான் அதிகம். சபையிலிருந்து வருஷா வருஷம் ஏதாவது ஒரு ஏழை நாட்டுக்கு மருத்துவக் குழு போகும். அண்ணியும் தவறாமல் போவாள்.

"ஆண்டவர் உங்களை மட்டும்தான் கூப்பிடுறாரா? சபையில வேற நர்சே இல்லையா?"

"இருக்காங்க" என்றாள் அண்ணி. "வா, அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கறது எப்படின்னு காட்டுறேன். இப்பல்லாம் இடது தோளைத் தொட்டாலே வலிக்குது அவங்களுக்கு. முதுகுக்குக் கீழ கையைக் குடுத்துத் தூக்கணும்."

"எனக்குத் தெரியும். எங்க அம்மாதானே?"

"தெரியும் சின்னு. இருந்தாலும் பார்த்துக்கோ."

சின்னுவுக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த ஊரில் தையல் கடை வைத்திருக்கிறாள். "மூச்சு விட நேரமில்லாம தைக்கிறேன். நீங்க பிளேன் ஏறும்போதெல்லாம் நான் கடையைப் பூட்டிட்டு ஓடி வரணும். மத்த நாள்ல எட்டிப் பார்க்கக்கூட முடியலைன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றாள் அண்ணி மறுபடியும்.

அம்மாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு வைத்துவிட்டு, சின்னுவும் வழியனுப்பப் போனாள். விமான நிலையத்தில் குழு முழுக்க ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு உற்சாகமாக நின்றது. அண்ணி மட்டும் கடைசியில், பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

போதகர் சின்னுவிடம் வந்தார். "சிஸ்டருக்குப் பிளேன் ஏறினாலே வாந்தி. போய்ச் சேர்ந்து ரெண்டு நாளைக்குத் தலை தூக்க மாட்டாங்க. இந்தத் தடவை ஓய்வு எடுங்கன்னு நானே சொல்லிப் பார்த்தேன். கேட்டாத்தானே! முதல் ஆளா பேர் குடுத்துட்டாங்க."

'வெளிநாட்டு மோகம் யாரை விட்டது' என்று நினைத்துக்கொண்டாள் சின்னு.

முதல் இரண்டு நாள் இடுப்பு ஒடிந்தது. அப்புறம் பழகிவிட்டது. வாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்குப் பேச்சு குழறும். கிட்டே உட்கார்ந்து கேட்டால்தான் புரியும். சின்னு கிட்டே உட்கார்ந்தாள். தலை வாரிவிட்டாள். அம்மா கோணல் வாயால் ஏதோ கேலி செய்ய, இருவரும் சிரித்த சிரிப்பில் கிண்ணத்துச் சாப்பாடு படுக்கையில் கொட்டியது.

ஒரு மத்தியானம் அண்ணி வீடியோ காலில் வந்தாள். தகரக் கூரை. பின்னால் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு வரிசை நின்றது. அண்ணியின் முகம் கருத்து, கண் உள்ளே போயிருந்தது.

"அத்தை சாப்பிட்டாங்களா?"

"ஒரு வாய் மிச்சம் வைக்கலை. உங்ககிட்டதான் அடம் பிடிப்பாங்க போல!"

அண்ணி சிரித்தாள்.

"அங்க என்ன பண்றீங்க?"

"புண் கழுவிக் கட்டுப் போடுறேன்."

"அதை இங்கேயே பண்ணலாமே?"

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இணைப்பு அறுந்துவிட்டது.

திரும்பி வந்தபோது அண்ணியைக் குழுவில் ஒருவர் கைத்தாங்கலாகத்தான் கூட்டிவந்து விட்டார். குடித்த தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையாம். கடைசி நாட்களில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். அப்படியும் நோயாளிகள் வரிசை முடியும்வரை கட்டுப் போடும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லையாம்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் அறை நாற்காலியில் சாய்ந்தாள் அண்ணி. ஊருக்குக் கிளம்பத் தயாராக நின்ற சின்னு, திட்ட வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்து உள்ளே போய் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"போதும் அண்ணி. அடுத்த வருஷம் பேர் குடுக்காதீங்க. உங்க உடம்பு தாங்காது."

"எனக்கும் முடியலைதான்."

"அவ்வளவு தூரம் போனாத்தான் ஊழியமா?"

"யார் சொன்னா? அத்தைக்குச் செய்யறதும் ஊழியம்தான். எனக்கு அதுவே போதும்."

"அப்புறம் ஏன் விடாம போறீங்க?"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் குழறியது. "சின்னு... போயிட்டியா?"

அண்ணி கண்ணைத் திறக்காமலே பேசினாள். "முதல் தடவை போதகர் பேச்சைத் தட்ட முடியாமத்தான் போனேன். திரும்பி வந்தா, அத்தை தலையணையில சாஞ்சு உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. அவங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல..."

வெந்நீரை ஒரு வாய் குடித்தாள்.

"நான் வீட்டுல இருந்தா, நீ வர மாட்டியே சின்னு."