வாய் தவறிய வார்த்தை

"மன்னிப்புக் கேட்கறியா, இல்லை சீட்டைக் கிழிக்கட்டுமா?" என்றார் நிர்வாகி அம்மாள்.

வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம் அந்த வார்டு பாய். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். நாய் படாத பாடு பட்டுக் கிடைத்த வேலை.

நடந்தது இவ்வளவுதான். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தவன், எதிரே வந்த எலும்பு டாக்டரம்மாவைக் குனிந்து பார்த்து, "பெரியம்மா, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க" என்றுவிட்டான். டாக்டரம்மா அவன் இடுப்புக்குக்கூட வரமாட்டார்.

நிர்வாகி அம்மாள் காதில் அது விழுந்து தொலைத்தது. அவர் புதுசு. உருவத்தை வைத்து யாரையும் கேலி செய்யக் கூடாது என்று அன்று காலையில்தான் எல்லாரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்திருந்தார்.

டாக்டரம்மா லேசுப்பட்டவரா என்ன? ஸ்டூல் போட்டு ஏறி நின்றுதான் ஆபரேஷன் செய்வார். ஆனால் தூக்கிக்கொண்டு வந்த ஆளை நடக்க வைத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார். கதையில் வரும் சித்திரக்குள்ளி நேரில் வந்துவிட்டாள் என்று குழந்தைகள் வார்டில் வாண்டுகள் ஊசிக்குத் தாங்களாகவே கையை நீட்டும். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

"அவ்வளவு பெரிய டாக்டர். குள்ளமா இருக்காங்கன்னு உனக்கு நக்கல், இல்லை?"

"கேலி பண்ணலை, மேடம்." அதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. கேலி செய்தேன் என்று ஒப்புக்கொண்டால் வேலை பிழைக்கும் என்று நிர்வாகி அம்மாள் சொல்லிப் பார்த்தார். ம்ஹூம், மசியவில்லை.

விஷயம் தெரிந்து டாக்டரம்மாவே வந்துவிட்டார்.

"தப்பு என்மேலதான், மேடம். ஆஸ்பத்திரியில உறவு கொண்டாடாதேன்னு இவன் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லி வெச்சேன். என் சிபாரிசுல வந்தான்னு பேச்சு வரக் கூடாது பாருங்க. பழக்க தோஷம், வாய் தவறிடுச்சு. வேலை போனாலும் போகட்டும்னு இப்பக்கூட வாயை மூடிட்டு நிக்கறான். ரோஷக்காரன்."

நிர்வாகி அம்மாளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "உறவா?"

"இவன் அம்மா என் தங்கச்சி. அம்மாவோட அக்காவை வேற எப்படிக் கூப்பிடுவான்?"

டாக்டரம்மா அண்ணாந்து அவனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நிர்வாகி பக்கம் திரும்பினார்.

"பேச ஆரம்பிச்ச நாளா இவன் என்னைப் பெரியம்மான்னுதான் கூப்பிடறான். அந்த வார்த்தையில என் உயரத்தைப் பார்த்த முதல் ஆள் நீங்கதான், மேடம்."