வேண்டாம் என்ற அப்பா

கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் வேலையில் அவள் புதிது. போனில் பேசிப் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒருவரும் மசியவில்லை.

“இன்னிக்கும் வெறுங்கையா வந்தே, நாளைக்கு வராதே!” என்று காலையிலேயே உறுமிவிட்டு மாடி ஏறியிருந்தார் பிரின்சிபால்.

அடுத்த நம்பரை அழுத்தினாள்.

“சார், உங்க பொண்ணுக்கு எங்க காலேஜ்ல சீட் ஒதுக்கியிருக்கோம்.”

“ரொம்ப சந்தோஷம்மா. ஆனா வேண்டாம். வேற இடம் பார்த்தாச்சு.” அந்த அப்பாவின் குரலில் தேன் ஒழுகியது.

“லேப் எல்லாம் புதுசு சார்.”

“தெரியும்மா. பூட்டியே கிடக்கறதால புதுசாத்தான் இருக்கும்.”

“அனுபவமுள்ள பேராசிரியர்கள்...”

“பாவம், அவங்களே வேற வேலை தேடிட்டு இருக்காங்க. தப்பா எடுத்துக்காதம்மா.”

அப்போது கல்லூரி மணி அடித்தது. ஒரு காதில் ஜன்னல் வழியாகக் கேட்டது. மறு காதில் போன் வழியாகக் கேட்டது.

அவசரமாக போனை வைத்துவிட்டார் அப்பா.

சற்று நேரத்தில் பிரின்சிபால் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“இன்னிக்கும் யாரும் சிக்கலையா? நான் எழுதிக் கொடுத்ததை ஒழுங்கா சொன்னியா, இல்லையா?”

“சொன்னேன் சார்,” என்றாள் அவள். “நீங்கதான் வேண்டாம்னுட்டீங்க.”