கல்கண்டுப் பொட்டலம்

பல வருடமாக இறங்காத சர்க்கரை இப்போது தானாக இறங்கிக்கொண்டிருந்தது. குழந்தைசாமிக்குப் போடும் இன்சுலினைப் பாதியாகக் குறைத்தும் இறங்கியது. "எல்லாம் என் கைப் பாகற்காய்தான்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, டாக்டரம்மாவுக்குக் கொடுக்கக் கல்கண்டு வாங்கி வந்திருந்தாள் அவர் மனைவி பவளக்கொடி.

டாக்டர் ரிசல்ட்டையும் குழந்தைசாமியின் வீங்கிய பாதங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "கிட்னி ரொம்பப் பழுதாயிருச்சும்மா. போடுற இன்சுலினைக் கழிக்க அதுக்குத் தெம்பில்ல. மருந்து உடம்புலயே தங்கிருது, அதான் சர்க்கரை குறையுது."

"குறைஞ்சா நல்லதுதானே டாக்டரம்மா?"

"இது நல்லதுக்குக் குறையலம்மா."

"அப்ப கூடணுமா?"

அதற்குள் குழந்தைசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. டாக்டர் அவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, மேசைமேல் இருந்த பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு பிடி கல்கண்டை அவர் வாயருகே கொண்டுபோய், "சீக்கிரம் மென்னு முழுங்குங்க" என்றார்.

பந்தியில் இனிப்பு வைக்கும்போதெல்லாம் அவர் கையைத் தட்டித் தட்டியே பழகிய பவளக்கொடியின் கை, தானாக எழுந்து பாதியில் நின்றது.

"தட்டவா, விடவா?" என்று டாக்டரைக் கேட்டாள்.

குழந்தைசாமி கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார். "இனிக்குது புள்ள" என்றார்.

அவள் கை இன்னும் இறங்கவில்லை.