அரை மணி நேர ஸலாம்

“மறுபடியும் கருகிடுச்சா?”

மலை உச்சித் தகரக் கொட்டகைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான் டிரைவர் ஹிலால்.

“ஆமா. இந்த மாசத்துல மூணாவது ஆம்ப்ளிஃபயர்,” என்றான் மெக்கானிக் ஸாஹிர், ரிப்பீட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றியபடியே.

ஹிலால் சூர் கடற்கரைக்காரன். தண்ணீர் ஆபீஸின் மலைப் பிரிவுக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் ஒன்று புரிந்துவிட்டது. செல்போன் எட்டாத இந்தக் கிராமங்களுக்கு இந்தப் பெட்டிதான் எல்லாம். தொட்டி காலி என்று ஊர் வயர்லெஸ் செட்டில் சொன்னால், பெட்டி அந்தக் குரலை வாங்கி, பலம் கூட்டி, மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பும். தண்ணீர் லாரி கிளம்பும். பெட்டி படுத்தால் எந்த லாரியை எங்கே அனுப்புவது என்று ஆபீஸுக்கே தெரியாது.

ஸாஹிர் புது ஆம்ப்ளிஃபயரின் அடியில் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசையைத் தடவி, அலுமினியத் தகட்டோடு சேர்த்துத் திருகினான். சுவிட்சைப் போட்டதுதான் தாமதம், ஒரு கிழக்குரல் கணீரென்று கிளம்பியது.

“அஸ்ஸலாமு அலைக்கும் ஸுவைனா! நல்லாருக்கியாம்மா? உடம்பு சுகமா? வீட்டுக்காரர்? பிள்ளைங்க? மாமியார்? ஆடுங்க?”

“வ அலைக்கும் ஸலாம் மர்ஹூன் மாமா! எல்லாரும் சுகம். நீங்க எப்படி? மாமி முழங்கால் எப்படி? உங்க ஆடுங்க?” ஆபீஸ் செட்டில் உட்காரும் ஸுவைனாவும் லேசுப்பட்டவள் இல்லை.

கேள்விக்குப் பதில், பதிலுக்குக் கேள்வி என்று போய்க்கொண்டே இருந்தது. பேசப் பேசச் சூடேறிய தகட்டில் விரல் வைத்த ஹிலால் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

“ரிப்பேருக்கு வந்தவங்க ஏதாச்சும் சாப்பிட்டாங்களாம்மா?”

“சாப்பிட்டிருப்பாங்க மாமா. சரி, என்ன செய்தி?”

“செய்தி ஒண்ணுமில்ல. தொட்டி ரொம்பியிருக்கு. தண்ணி வேணாம்.”

ஹிலால் கடிகாரத்தைப் பார்த்தான். அரை மணி நேரம்!

“தண்ணி வேணாம்னு சொல்ல இவ்வளவு பேச்சா? இந்தக் கெழட்டு வாய்க்கு…”

“மரியாதையாப் பேசு,” என்றான் ஸாஹிர் பட்டென்று.

“சரிப்பா, கோவிச்சுக்காதே. ஒரு நிமிஷத்துல தானா கட் ஆகுற மாதிரி வைக்கலாம்ல?”

“வச்சேன். கட் ஆனதும் மறுபடி ஸலாம்லேருந்து ஆரம்பிச்சாரு.”

ஹிலால் விழுந்து விழுந்து சிரித்தான். ஸாஹிர் சிரிக்கவில்லை.

“கீழதானே ஊரு? போய் அந்த செட்டைக் கழட்டிட்டு வந்துரலாம். ஆபீஸ்லயும் அதைத்தானே எழுதிக் குடுத்திருக்காங்க.”

“அடுத்த தடவை பார்த்துக்கலாம்.”

“அடுத்த தடவை எரிஞ்சா உன் வேலை போயிரும்! உன் கை சரியில்லைன்னு ஆபீஸ்ல மேனேஜர் கத்துனது எனக்கும் கேட்டுச்சு. ஏறு வண்டியில.”

வண்டி மர்ஹூனின் வீட்டெதிரே நின்றது. ஸாஹிர் இறங்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, “நீயே போய் வாங்கிட்டு வா,” என்றான். ஒரு பெரியவரிடமிருந்து பிடுங்க மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் ஹிலால். தனக்கு மட்டும் அது இனிக்கவா செய்தது?

உள்ளே மறுபடியும் முழு ஸலாம். பேரீச்சம்பழம் வந்தது, ஏலக்காய் மணக்கும் கஹ்வா காப்பி வந்தது. ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மர்ஹூனின் மனைவி மட்டும் வெளியே பார்த்த கண்ணை எடுக்கவே இல்லை.

ஹிலால் தொண்டையைச் செருமினான். “மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பேசுற பேச்சுல மேல பெட்டி கொதிச்சுப்போய் எரியுது. செட்டை எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க.”

“எரியும்னு தெரியும் தம்பி.”

“தெரியுமா?”

“தெரிஞ்சுதான் பேசுறேன். எல்லா ஊர்த் தொட்டியும் ரொம்பின நாளா, உச்சி வெயில் நேரமாப் பார்த்து நீட்டுவேன். எவன் தொண்டையும் என்னால காயக் கூடாது பாரு.”

ஹிலாலுக்கு ஆத்திரம் வந்தது. “அங்க ஒருத்தன் வேலை போகப்போகுது மாமா! எதுக்கு இந்த வேலை உங்களுக்கு?”

கிழவரின் கண் கலங்கிவிட்டது. அவரே எழுந்து செட்டின் வயரைப் பிடுங்கி அவன் மடியில் வைத்தார்.

“கொண்டு போ. வேலை போகும்னு தெரிஞ்சிருந்தா வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்னாடி, கோவத்துல ஒருத்தனைப் பார்த்து ‘என் வாசப்படி மிதிக்காதே’ன்னுட்டேன். ஆள் மேல ஆள் அனுப்பியும் அவன் வரல.”

இன்னொரு கோப்பையில் கஹ்வா ஊற்றி நீட்டினார்.

“பெட்டி எரிஞ்சா மட்டும் மலைமேல வந்து நிப்பான், இவளும் இந்த ஜன்னல் வழியாப் பார்த்துக்குவா. இன்னிக்கு வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்திருக்கே. ஆறுறதுக்குள்ள இதைக் கொண்டுபோய் வண்டியில இருக்கற என் மகன்கிட்ட குடு தம்பி.”